பதினைந்து வார்டுக்கு ஒரு பேப்பர்: வடசென்னையில் இணையச் செய்தித்தளம் தொடங்கி நடத்தும் முறை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய தெருக்களில் நாளை எத்தனை மணிக்குக் கரண்ட் போகும், மண்டல அலுவலகத்தில் எந்தக் கால்வாய்க்கு டெண்டர் விட்டிருக்கிறார்கள், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை இன்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதற்கெல்லாம் நாளிதழில் இப்போது இடம் கிடைப்பதில்லை. ஒரு பிரதியின் விலை அதை அச்சடிக்கும் செலவுக்கே காணாது. மீதியை விளம்பரம் தாங்கியது. விளம்பரம் கைபேசிக்குப் போனதும் முதலில் மெலிந்தவை வட்டாரச் செய்திப் பக்கங்களும், அவற்றுக்கு எழுதிக்கொண்டிருந்த பகுதி நிருபர்களும்தான். 2020 ஊரடங்கில் பேப்பரை நிறுத்திய வீடுகள் பலவற்றில் அது திரும்ப வரவில்லை. வடசென்னைக்கு மிஞ்சியது குற்றச் செய்தி. கொலை விழுந்தால் ஐந்து கேமரா வந்து நிற்கும். ரேஷன் கடை மூன்று நாள் பூட்டிக் கிடந்தால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்தக் காலி இடத்தில்தான் யூடியூப் சேனல்களும் வாட்ஸ்அப் குழுக்களும் முளைத்தன. தொடங்குவது எளிது, ஒரு மழைக்காலம் தாண்டுவதுதான் பாடு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எல்லாவற்றையும் ஒருவரே பார்த்துவிடலாம் என்று இறங்குவதுதான் முதல் தவறு.

எல்லை

சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் முதல் 78 வார்டுகள் ஆறு வட மண்டலங்களில் வருகின்றன: திருவொற்றியூர் 1 முதல் 14, மணலி 15 முதல் 21, மாதவரம் 22 முதல் 33, தண்டையார்பேட்டை 34 முதல் 48, ராயபுரம் 49 முதல் 63, திரு.வி.க. நகர் 64 முதல் 78. இவற்றில் ஒரு மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுநேரம் இரண்டு பேர், தெருவிலிருந்து செய்தி சொல்லும் ‘தெருத் தொடர்பு’ பத்துப் பேர் என்று இருந்தால் 15 வார்டைப் பார்க்க முடியும். 30 வார்டு என்றால் ஆள் இல்லாத பக்கத்துக்கு அடுத்தவர் வீடியோவை எடுத்துப் போடுவீர்கள். விழுவது அங்கேதான்.

மண்டலத்தை முடிவு செய்ததும் தெருப் பட்டியல் போடுங்கள். மாநகராட்சி வார்டு, சட்டமன்றத் தொகுதி, மின்வாரியப் பிரிவு, குடிநீர் வாரிய டெப்போ, காவல் நிலையம் ஆகிய ஐந்துக்கும் எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாது. தண்டையார்பேட்டை மண்டலத்துக்குள் ஆர்.கே. நகரும் பெரம்பூரும் கலந்து கிடக்கும். மணலி, எண்ணூர்ப் பக்கத்துக் காவல் நிலையங்கள் 2022-இல் தொடங்கிய ஆவடி ஆணையரகத்துக்குப் போயின. எனவே ஒரு கணக்குத்தாளில் வரிசைக்கு ஒரு தெரு, எதிரே இந்த ஐந்து கட்டம், ஆறாவதாக நியாயவிலைக் கடை எண். தெருப் பெயரைப் பலகையில் உள்ளபடி ஒரு முறையும், ஜனங்கள் சொல்கிறபடி ஒரு முறையும் எழுதுங்கள். இரண்டும் வேறாகத்தான் இருக்கும். நடந்தே சேகரித்தால் மூன்று வாரம் பிடிக்கும். அதுவரை தளத்தைத் திறக்க வேண்டாம். மின்தடை அறிவிப்பு இ.பி. பிரிவின் பெயரில் வரும், வாசகருக்குத் தெரிந்ததோ தெருப் பெயர். ஒன்றை மற்றதாக மாற்றித் தர இந்தத் தாளை விட்டால் வேறு வழியில்லை. உங்கள் முதலீடே இந்தத் தாள்தான். கேமராவை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

தளமும் எழுத்தும்

தளத்தின் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கைபேசி எண்ணில் பதிவு செய்யுங்கள். வெப்சைட் செய்து தருகிற தம்பி தன் கணக்கில் வாங்கிவிட்டால், நாளை அவரோடு மனஸ்தாபம் வரும்போது உங்கள் பெயரை நீங்களே விலை கொடுத்து மீட்க வேண்டியிருக்கும். பெயருக்கு ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய், இடவாடகைக்கு மூவாயிரம் முதல் ஆறாயிரம் வரை ஆகும். வேர்ட்பிரஸ் போதும். தினமும் தானாக நகல் எடுத்து வேறொரு இடத்தில் சேமிக்கும்படி வையுங்கள். நிர்வாகக் கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும், இரண்டு பேருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். முகநூல் பக்கத்தை மட்டும் நம்பி நடத்துவது வாடகைத் திண்ணையில் கடை போடுவதுதான். பக்கம் ஒருநாள் முடங்கினால் பழைய செய்தியும் வாசகரும் சேர்ந்தே போவார்கள்.

தமிழ் எழுத்தில் வரும் கோளாறுகளைத் தளம் செய்பவர்கள் சொல்லித்தர மாட்டார்கள், ஏனென்றால் பலருக்கு அவை தெரியாது. டி.டி.பி. கடையிலிருந்து வரும் கட்டுரை பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தால் தளத்தில் ஒட்டியதும் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருவர் முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். மாற்றும்போது எண்களும் மேற்கோள் குறிகளும் கெடும். அடுத்தது கண்ணுக்குத் தெரியாத பிழை. ‘ஔவை’ என்பதில் முதல் எழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்து அடிப்பது, துணைக்காலுக்குப் பதிலாக ‘ர’ அடிப்பது. பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் கிடைக்காது. மாதம் ஒரு முறை முக்கியத் தெருப் பெயர்களை உங்கள் தளத்திலேயே தேடிப் பாருங்கள். வர வேண்டிய செய்தி வரவில்லை என்றால் காரணம் இதுதான்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது குறிகளாக விரியும். ‘கா’ என்பது ககரமும் துணைக்காலும் சேர்ந்தது, எனவே பதினெட்டு. நாலு சொல் முகவரி அரைப் பக்கத்துக்கு நீண்டால் பார்ப்பவர் வைரஸ் என்று நினைத்துத் தொட மாட்டார். முகவரிக்கு மட்டும் ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல் போதும். முன்னோட்டப் படம் 1200-க்கு 630 புள்ளி அளவில், 300 கிலோபைட்டுக்குள் இருந்தால் இணைப்போடு படம் ஒழுங்காகத் தெரியும்.

கூகுள் நியூஸில் சேர்த்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவருக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். கூகுள் தானாகவேதான் தளங்களை எடுத்துக்கொள்கிறது.

வாட்ஸ்அப்பில் எந்த வழி

குழுவில் 1,024 பேர்தான் சேரலாம். சேர்ந்த அனைவரின் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். பெண் வாசகர்கள் வெளியேறுவதற்கு இதுவே முதல் காரணம். ஒளிபரப்புப் பட்டியலில் 256 பேர், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டும் போய்ச் சேரும். 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த ‘சேனல்’ இரண்டையும்விட நல்லது. பின்தொடர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது, ஆள் கணக்குக்கும் வரம்பில்லை. ஒரு குறை உண்டு. சேர்ந்ததும் அறிவிப்பு மணி ஊமையாகவே இருக்கும். மணியை எப்படித் திறப்பது என்று படத்தோடு ஒரு பதிவைப் போட்டு, மாதம் ஒரு முறை அதை மறுபடி அனுப்புங்கள்.

நாளைக்கு இரண்டே பதிவு: காலை 6.30, இரவு 8. அவசரம் என்றால் மூன்றாவது. எட்டு, பத்து என்று போனால் வாசகரே மணியை அடைத்துவிடுவார். காலைப் பதிவோடு தெருப் பெயர்களைச் சொல்லும் ஒரு நிமிடக் குரல்பதிவும் போகட்டும். ஷிப்டுக்குக் கிளம்புகிறவரும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பாட்டியும் அதைத்தான் கேட்பார்கள்.

தினம் என்ன போடுவது

வாசகர் மறுநாள் காலையில் எதை வைத்து ஒரு வேலை செய்ய முடியுமோ, அதுதான் வட்டாரத் தளத்தின் செய்தி. கரண்ட், தண்ணீர், புகை, மழைத் தண்ணீர், மீன் விலை, சாவு.

பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை இருக்கும். அறிவிப்பு முந்தின நாள் வரும். தெருப் பட்டியலை வைத்து விரித்து, ‘நாளை கரண்ட் இல்லை: கொருக்குப்பேட்டையில் 11 தெரு’ என்று தலைப்பிடுங்கள். பகல் 2 மணிக்கு ஒரு தெருத் தொடர்பைக் கேட்டு, வந்ததா இல்லையா என்று பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, குடிநீர் வாரியம் 044-4567 4567, மாநகராட்சி 1913 மூன்றும் ஒவ்வொரு பதிவின் அடியிலும் நிரந்தரமாக இருக்கட்டும். தண்ணீர்ச் செய்தியில் ‘குடிநீர் தட்டுப்பாடு’ என்ற சொல்லால் யாருக்கும் பயனில்லை. எந்தத் தெரு, கடைசியாகக் குழாயில் வந்த தேதி, லாரி வந்த நேரம், தண்ணீரின் நிறம், நாற்றம். கழிவுநீர் கலந்தது என்று எழுதுவதற்கு முன் ஒரே தெருவில் நாலைந்து வீட்டுக் குழாயைப் பாருங்கள். ஒரு வீட்டில் மட்டும் என்றால் அந்த வீட்டுத் தொட்டியிலோ இணைப்பிலோ கோளாறு இருக்கலாம்.

மழைக்கணக்கில் பெரிய தளங்களே தவறுகின்றன. நகரின் மழை என்று வரும் எண் பெரும்பாலும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் நிலையங்களுடையது. நுங்கம்பாக்கத்தில் தூறிய நாளில் கத்திவாக்கத்தில் கொட்டியிருக்கும். மண்டல வாரியான மழைமானிக் கணக்கைத் தேடி எடுத்து, எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று சேர்த்தே எழுதுங்கள். புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அங்கே உபரி நீர் திறந்தால் வரும் அரசுக் குறிப்பில் வடகரை, கிராண்ட்லைன், வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் என்று ஊர்ப் பெயர்கள் இருக்கும். நாளிதழ் அதை அப்படியே போடும். கால்வாய் ஓரத்துத் தெருக்கள் எவை, போன தடவை எந்தத் திருப்பம் வரை தண்ணீர் ஏறியது என்று சொல்வது உங்கள் வேலை. பூண்டியில் திறந்த தண்ணீரும் கொசஸ்தலை ஆறு வழியாக அதே எண்ணூர் முகத்துவாரத்துக்குத்தான் வருகிறது. இரண்டும் ஒரே நாளில் வந்து, கடல் ஓதமும் ஏறியிருந்தால் தண்ணீர் வடியாது. எனவே திறந்த கன அடியோடு அன்றைய ஓத நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள். எத்தனை மணிக்கு எந்தத் தெருவுக்கு வரும் என்று மட்டும் ஊகிக்கக் கூடாது. ஒரு முறை பொய்த்தால் அடுத்த முறை யாரும் வீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

காற்றுத் தர எண்ணில் இன்னொரு பொறி உண்டு. வெளிநாட்டுச் செயலி காட்டும் எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் எண்ணும் வேறு வேறு அளவுகோல். காற்றில் உள்ள நுண்துகளான பி.எம். 2.5-இன் அளவு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் நம் அளவுகோலில் 100, அமெரிக்க அளவுகோலில் 150-ஐத் தாண்டும். ஒன்றின் எண்ணை மற்றதன் வண்ணத்தோடு போட்டால் பீதிச் செய்தியாகிவிடும். வாரியத்தின் ‘சமீர்’ செயலியை மட்டும் வைத்துக்கொண்டு, ‘மணலி நிலையம், காலை 8 மணி, முந்தைய 24 மணி நேரச் சராசரி’ என்று முழுதாக எழுதுங்கள். மணலியின் எண்ணை எண்ணூருக்குப் பொருத்தாதீர்கள். நிலையம் தரவு தராத நாளில் ‘தரவு இல்லை’ என்று போடுவதும் செய்திதான். அப்படி எத்தனை நாள் என்று எண்ணி மாதக் கடைசியில் எழுதினால், நல்ல செய்திகளில் ஒன்றாக அது நிற்கும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அதுபோன்ற இரவில் வீடியோவுக்கு முன்னால் போக வேண்டியவை நாலு வரி: எந்த இடம், காற்று எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, எந்தச் சாலை திறந்திருக்கிறது, ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு காற்றோட்டத்துக்குக் குறுக்காக விலகுங்கள். இதை முன்பே எழுதி, இடத்தையும் திசையையும் மட்டும் காலியாக விட்டுக் கைபேசியில் வைத்திருங்கள். அந்த நேரத்தில் உட்கார்ந்து வாக்கியம் யோசிக்க முடியாது.

காசிமேட்டு மீன் விலை போடுவதென்றால் ஏல விலையா, சில்லறை விலையா என்று சொல்லாமல் போடாதீர்கள். விடியற்காலை லாட் கணக்கில் விடும் ஏலத்தைக் கிலோவுக்கு வகுத்தால் வருவது ஒன்று, எட்டு மணிக்கு வெட்டித் தரும் கடையில் விற்பது வேறு. வஞ்சிரம், சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, இறால் என ஐந்து போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, ஃபைபர் படகு மீன்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை விலையை வாரநாள் விலையோடு ஒப்பிட்டு ‘திடீர் உயர்வு’ என்று தலைப்பிட்டால் கடல்பக்கத்து ஆள் சிரிப்பார்.

சொத்து வரிக்கு ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் 30 நாளில் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு. அந்த இரண்டு மாதமும் நினைவூட்டல் போட்டுக்கொண்டே இருக்கலாம், யாரும் திட்டமாட்டார்கள்.

டெண்டரும் தகவல் உரிமையும்

தமிழக அரசின் டெண்டர் தளத்தில் மாநகராட்சிப் பணிகளை வாரம் ஒரு முறை பார்த்து, உங்கள் வார்டு எண் உள்ளவற்றைத் தாளில் ஏற்றுங்கள்: பணியின் பெயர், மதிப்பு, முடிக்க வேண்டிய காலம். காலம் முடிந்த மறுநாள் அந்த இடத்துக்குப் போய்ப் படம் எடுங்கள். முடிந்திருந்தால் ‘முடிந்தது’ என்றும் எழுத வேண்டும். அதை எழுதாத தளத்தை அதிகாரியும் நம்பமாட்டார், நாளடைவில் வாசகரும் நம்பமாட்டார்.

முடியாத பணிக்கு ஆர்.டி.ஐ. போடுங்கள். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6(1) பிரிவில் மனு, 10 ரூபாய் கட்டணம், இணையத்திலும் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 6(3)-இன்படி ஐந்து நாளில் அவர்களே அனுப்பி வைக்க வேண்டும். பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். மனு வீணாகப் போவது பெரும்பாலும் கேள்வியின் வடிவத்தால். ‘ஏன் கால்வாய் தூர்வாரவில்லை?’ என்றால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். ‘இந்தத் தெரு மழைநீர் வடிகால் பணிக்கு வழங்கிய பணி ஆணை, எம்-புக் (பணி அளவுப் புத்தகம்) பதிவுகள், பணம் வழங்கிய விவரம் ஆகியவற்றின் நகல்’ என்று ஆவணத்தைக் கேளுங்கள். ஒரு மனுவில் ஒரு பணி மட்டும். பத்தைச் சேர்த்துக் கேட்டால் பத்து மேசைக்குப் போய் ஒன்பதில் தூங்கும்.

குற்றச் செய்திக்கு வாய்வழிக் கதை வேண்டாம். தமிழ்நாடு காவல்துறைத் தளத்தில் முதல் தகவல் அறிக்கைகள் ஏற்றப்படுகின்றன, உணர்வுப்பூர்வமான வழக்குகள் மட்டும் ஏறாது. அறிக்கையில் உள்ளது புகார்தாரர் சொன்னது, நிரூபணமானது அல்ல. ‘குற்றவாளி’ என்று எழுதாமல் ‘கைதானவர்’ என்றே எழுதுங்கள். ஊர்ப் பெயரையே பட்டமாக ஒட்டி ஆளைக் குறிப்பிடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்த ஊர்ப் பிள்ளைகள் நாளை அதே பெயரோடு வேலைக்கு மனுப்போட வேண்டும். பேட்டியில் மெட்ராஸ் பாஷையை அப்படியே வையுங்கள், ஆனால் வேடிக்கைக்காக ஏற்றி எழுதாதீர்கள்.

சாவுச் செய்தி

எளிதாகத் தெரியும், வழுக்குவதும் இங்கேதான். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்கிற தெருக்களில் 300 ரூபாய்க்கு ஓர் அறிவிப்பு நன்றாக ஓடும். ஆனால் விளையாட்டுக்காகவோ பகைக்காகவோ உயிரோடு இருப்பவர் படத்தை அனுப்புகிறவர்களும் உண்டு. விதி: அனுப்பியவர் எண்ணை நம்பாமல் குடும்பத்தில் இன்னும் இருவரிடம் நீங்களே அழைத்துப் பேச வேண்டும், தெருத் தொடர்பு நேரில் பார்க்க வேண்டும். அடக்கம் நடக்கும் நேரமும் இடமும் போடுங்கள், வீட்டுக் கதவு எண் வேண்டாம். எல்லாரும் மயானத்துக்குப் போயிருக்கும் வீடு எது என்று திருடனுக்கு நீங்கள் சொல்லக் கூடாது. தற்கொலை என்றால் அறிவிப்பில் காரணமும் முறையும் வராது.

தவறு நேர்ந்தால்

நேரும். தளத்தில் பதிவை அழிக்காமல், அடியில் தேதி நேரத்தோடு எது தவறாக இருந்தது, எது சரி என்று இரண்டு வரி எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் நீங்கள் அழித்தாலும் அடுத்தவர் ஃபார்வர்டு செய்தது போனது போனதுதான். ஆகவே தவறு எந்த அளவுப் படமாகப் போனதோ அதே அளவில் ‘திருத்தம்’ என்று பெரிதாக இட்டு அனுப்புங்கள். பழைய வெள்ளப் படம் புதிதாகச் சுற்றுவது ஒவ்வொரு டிசம்பரிலும் நடக்கும். கடைப் பெயர்ப்பலகை, மெட்ரோ தூண், பேருந்தின் நிறம் ஆகியவற்றைப் பாருங்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது 2021 பிப்ரவரியில். அந்தச் சாலையில் மெட்ரோ தரைக்கு மேல் ஓடும் பகுதியின் படத்தில் தூண் இல்லை என்றால் அது பழைய படம்.

மற்றவர் படத்தை எடுத்து ‘நன்றி: இணையம்’ என்று போடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று காப்புரிமைப் புகார் நின்றால் சேனலே போய்விடும். நாளிதழின் இ-பேப்பரைக் குழுவில் பகிர்வதும் இதே கணக்குத்தான்.

சட்டம்

1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2024 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் அச்சு இதழுக்கானது. இணையத்தில் மட்டும் வெளியிடுவதற்கு அந்தப் பதிவு தேவையில்லை. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்தான் உங்களைத் தொடும்: தொடங்கிய 30 நாளுக்குள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விவரப் படிவம், தளத்தில் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பும், புகாருக்கு 24 மணி நேரத்தில் ஒப்புதல், 15 நாளில் முடிவு. அந்த விதிகளில் நெறிமுறை தொடர்பான சில பகுதிகளுக்கு 2021 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. இருந்தாலும் பெயரும் முகவரியும் தளத்தில் இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு. முகவரி இல்லாத தளத்தோடு அதிகாரி பேசமாட்டார்.

அவதூறுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356: இரண்டு ஆண்டு வரை சிறை. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பிரிவு 72, குழந்தை என்றால் போக்சோ சட்டத்தின் பிரிவு 23. பெயரை மறைத்துவிட்டுத் தெரு, பள்ளி, அப்பாவின் தொழில் என்று எழுதினாலும் அடையாளம் காட்டியதாகத்தான் அர்த்தம். 15 வார்டுக்குள் அந்த மூன்றும் போதும் ஆளைக் கண்டுபிடிக்க. யாரைப் பற்றிப் புகார் எழுதினாலும் அவரை அழைத்த தேதி, நேரம், அவர் சொன்ன பதில் ஒரு குறிப்பேட்டில் இருக்கட்டும். அழைப்பை எடுக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

பிரஸ் கார்டு அடித்து விற்காதீர்கள். ‘ஒரு கார்டு மட்டும் குடுங்க அண்ணே, சம்பளம் வேணாம்’ என்று வருகிறவருக்கு வேண்டியது செய்தி அல்ல, போக்குவரத்துப் போலீசிடம் காட்ட ஓர் அட்டை.

பணம்

கூகுள் விளம்பரத்தை நம்பி வாடகை பேசாதீர்கள். ஆட்சென்ஸ் 2018 முதல் தமிழை ஏற்கிறது, சரி. ஆயிரம் பார்வைக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் ஒரு லட்சம் பார்வைக்கு 4,000 ரூபாய்தான். 15 வார்டுத் தளத்துக்கு ஒரு லட்சமே பெரிது. அதைக் கூட்டத்தான் கொலை வீடியோவுக்குப் போகிறார்கள். இன்னொரு சங்கடம், கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் தபாலில் வரும். பழைய எண், புதிய எண் இரண்டும் புழங்கும் தெருவில் அந்தக் கடிதம் அடிக்கடி தொலையும். தபால்காரர் அறிந்த முகவரியைக் கொடுங்கள். நாலு மாதத்துக்குள் எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். பணம் 100 டாலர் சேர்ந்த பிறகே வரும்.

ஓடும் வருமானம் தெருவில் இருக்கிறது. எம்.சி. ரோடு துணிக்கடை, ஸ்கேன் மையம், டியூஷன் சென்டர், மண்டபம், பிரியாணிக் கடை. வாரம் 500 ரூபாய், காலைப் பதிவின் அடியில் இரண்டு வரி. 30 கடை பிடித்தால் மாதம் 60,000. கடைக்காரர் ‘எத்தனை பேர் பாக்குறாங்க?’ என்று கேட்டால் எண்ணைச் சொல்லிப் பயனில்லை. ‘இந்தப் பதிவைக் காட்டினால் ஒரு டீ இலவசம்’ என்று ஒரு வாரம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை டீ போயிற்று என்பது அவருக்கே தெரியும். முன்பணம் வாங்கிக்கொண்டு போடுங்கள், மாதக் கடைசி வசூல் உங்களைத் தின்றுவிடும். வாசகரிடம் மாதம் 50 ரூபாய் யு.பி.ஐ.யில் கேட்கலாம். மின்தடை, வெள்ள எச்சரிக்கையைப் பூட்டி வைக்காதீர்கள், மற்றதற்கும் பூட்டு வேண்டாம். தருகிறவர் தரட்டும், மாத வரவு செலவைத் தளத்தில் போட்டால் தருகிறவர் கூடுவார்.

வங்கியில் நடப்புக் கணக்குத் தொடங்க உத்யம் என்ற சிறுதொழில் பதிவு உதவும், அது இலவசம். ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு. இணைய விளம்பரத்துக்கு வரி 18 சதவீதம், அச்சு விளம்பரத்துக்கு 5. பெரிய கடைக்காரர் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பேரம் பேசுவார், தயாராக இருங்கள்.

தெருத் தொடர்புக்குச் செய்திக்கு 150, 200 என்று கொடுங்கள், பார்வைக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். பார்வைக்குக் காசு என்றால் சண்டை வீடியோதான் வந்து சேரும். பிரஸ் மீட்டில் தருகிற கவர் வேண்டாம். கட்சிக்காரர் தருவது விளம்பரம் என்றால் மேலேயே ‘விளம்பரம்’ என்று போடுங்கள். தேர்தல் காலத்தில் இணைய அரசியல் விளம்பரத்துக்குத் தேர்தல் ஆணையத்தின் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தின் நகல் கையில் வராமல் எதையும் ஏற்றாதீர்கள்.

மழை நாளுக்கு

அக்டோபர் முதல் வாரமே தயார் செய்துகொள்ளுங்கள். 20,000 எம்.ஏ.எச். பவர்பேங்க் ஆளுக்கு இரண்டு, வெவ்வேறு நிறுவனத்துச் சிம் இரண்டு. மண்டலக் கட்டுப்பாட்டு அறை, பகுதிப் பொறியாளர், படகு வைத்திருப்பவர்கள் எண்களைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். டவர் தடுமாறும் நேரத்தில் படமும் வீடியோவும் போகாது, எழுத்து மட்டும் போகும். தளத்தில் படமில்லாத ஒரே ஒரு பக்கத்தை முன்பே செய்து வைத்து, மழை நாளில் அதை மட்டும் புதுப்பியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நேரம். பழைய வரியை அழிக்காதீர்கள், ‘வடிந்தது’ என்று கீழே புது வரி போடுங்கள்.

கரண்ட் போய் இரண்டாம் நாள் வாசகரின் கைபேசியும் செத்துவிடும். அன்றைக்கு ஒரு ஏ4 தாள். இடவாரியாக எழுதிய பாதுகாப்பு மையங்கள், பால், தண்ணீர் லாரி நேரம், திறந்திருக்கும் மருந்துக்கடை. ஜெராக்ஸ் கடையில் 50 நகல் எடுத்து டீக்கடை, ரேஷன் கடை, சர்ச், மசூதி, கோயில் வாசலில் கொடுங்கள். எழுத்து சற்றுத் தள்ளி நின்று படிக்கிற அளவு பெரிதாக, மேலே தேதியும் நேரமும், கீழே தளத்தின் பெயரும் எண்ணும். இதையே வாராவாரம் அச்சடிக்க ஆசை வந்தால் அது பருவ இதழ் ஆகிவிடும், அதற்குப் பதிவு வேண்டும். பொதுச்சுவரில் ஒட்டுவதற்கு 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் தடை உண்டு, அதனால் கடைக்காரரைக் கேட்டு உள்பக்கமாக, சாரல் படாத இடத்தில் ஒட்டுங்கள். மறுநாள் புதுத் தாளோடு போகும்போது பழையதைக் கிழித்துவிட்டு ஒட்ட வேண்டும். இரண்டு தாள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நேற்றைய லாரி நேரத்துக்கு ஜனங்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள்.